லாகர்: கிடங்கிலிருந்து வந்த பெயர்

பீர் புட்டியின் மேல்சீட்டில் 'லாகர்' என்ற சொல்லைப் பலரும் பார்த்திருப்பார்கள். வெளிர்மஞ்சள் நிறத்துக்கோ மென்மையான சுவைக்கோ இட்ட பெயர் என்று எண்ணுவோர் உண்டு. நிறமும் சுவையும் அந்தப் பெயரில் இல்லை. கறுத்த லாகர்களும் ஏராளம். அது ஒரு செய்முறையின் கடைசிப் படிக்கு வழங்கிய பெயர்.

ஜெர்மன் மொழியில் 'லீகன்' என்றால் கிடத்தல். 'லாகர்' அதன் உறவுச் சொல். பழைய வடிவமான 'லெகர்' படுக்கும் இடத்தைக் குறித்தது. பிறகு விலங்கு படுத்துறங்கும் இடம், படை தங்கும் பாசறை, சரக்கு வைக்கும் அறை என்று பொருள் விரிந்துகொண்டே போயிற்று. தமிழ் அறிந்தவர்க்கு இந்தப் பாதை பழகியதுதான். 'கிட' என்ற வினை நமக்குக் கிடக்கையைத் தந்தது, ஆட்டுக்கிடையைத் தந்தது, கிடங்கையும் தந்தது. இரு மொழிகளுக்கும் பிறப்பு உறவு கிடையாது. பொருள் வளர்ந்த விதம் மட்டும் வியக்கத்தக்க அளவு ஒத்திருக்கிறது. 'லாகர்பியர்' என்றால் கிடங்கில் கிடந்த பீர். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கூட்டுச்சொல்லை வாங்கிய ஆங்கிலம், நாளடைவில் பின்பாதியை உதிர்த்துவிட்டு 'லாகர்' என்றே வழங்கத் தொடங்கியது.

ஏன் கிடக்கவைத்தார்கள்? கோடையில் காய்ச்சிய பீர் எளிதில் புளித்துக் கெட்டது. 1553இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதைத் தடை செய்தார். குளிர்காலத்தில் காய்ச்சியதைத்தான் கோடை முழுதும் குடிக்க வேண்டும். அதற்காக நிலவறைகள் தோண்டினார்கள். குளங்களில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி உள்ளே அடுக்கினார்கள். வெயில் படாதிருக்க மேலே கஷ்கொட்டை மரங்கள் நட்டார்கள். மியூனிக்கின் பீர்த் தோட்டங்கள் அந்த நிழலில் தோன்றியவை. மார்ச் மாதத்தில் காய்ச்சி வைத்த பீருக்கு 'மெர்ட்சன்' என்று மாதத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்தக் குளிரிலும் வேலைசெய்து பாத்திரத்தின் அடியில் படியும் ஈஸ்ட் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நின்றது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் அதைத் தனிச் செல்லிலிருந்து தூய்மையாக வளர்த்தெடுத்தார்.

அதற்குப் பிறகு லாகர் என்பதன் இலக்கணமாக ஈஸ்ட்டைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வீட்டில் பீர் காய்ச்சுவோர் சறுக்குவது இங்கேதான் என்பது என் கருத்து. லாகர் ஈஸ்ட் பொட்டலத்தைத் தேடி வாங்குகிறார்கள், 10 டிகிரி செல்சியஸ் அளவில் நொதிக்கவிடுகிறார்கள், நுரை அடங்கியதும் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். பிறகு வெண்ணெய் வாடை அடிக்கிறது என்றும் அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்றும் வருந்துகிறார்கள்.

வெண்ணெய் வாடைக்குக் காரணம் டையசெட்டில். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளிவிடும் ஒரு பொருள் டையசெட்டிலாக மாறுகிறது. பின்னர் ஈஸ்ட்டே அதை உள்ளிழுத்துக்கொள்ளும். குளிரில் இது மிக மெதுவாக நடக்கும். ஆகவே நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தை 16 முதல் 18 டிகிரி வரை உயர்த்தி இரண்டு மூன்று நாள் விட வேண்டும். சிறிது பீரை மூடிய பாத்திரத்தில் வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஆறியபின் முகர்ந்து பாருங்கள். வெண்ணெய் மணந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அதன் பிறகுதான் பெயருக்குரிய வேலை. உறைநிலையை ஒட்டி, 0 முதல் 2 டிகிரியில், நான்கு முதல் ஆறு வாரம் வரை பீர் கிடக்க வேண்டும். அழுகிய முட்டை போன்ற அந்தக் கந்தக நாற்றம் குறையும். ஈஸ்ட்டும் கலங்கலும் அடியில் தங்கும். சுவையின் முரடு தணியும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று போதும். குளிரும்போது பாத்திரத்துக்குள் காற்று சுருங்கி, வாயு வெளியேற மூடியில் பொருத்திய ஏர்லாக்கில் உள்ள நீரையும் வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். முன்கூட்டியே ஏர்லாக்கை எடுத்துவிட்டு இறுக மூடுங்கள். அந்த இழுவையைத் தாங்கும் உறுதியான பாத்திரமாக இருக்கட்டும்.

இன்று 20 டிகிரியில் நொதிக்கவைத்துச் சில நாளில் முடித்ததையும் லாகர் என்கிறார்கள். ஈஸ்ட்டை வைத்து அப்படி அழைக்கலாம். கிடங்கில் கிடக்காத பீருக்கு அந்தப் பெயரைத் தர எனக்கு மனமில்லை.