எவரெஸ்ட்டில் மூச்சடைத்த நெய்யூர் டாக்டர்

1/ நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி தெரியாதவங்க நம்ம குமரி மாவட்டத்துல குறைவு. 1838ல் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த ஒரு சர்ஜன், 1924ல் எவரெஸ்ட் சரிவில் மூச்சடைத்துச் சாகப் பார்த்தார். அவர் கதையோட, ஆக்சிஜன் குறைஞ்சா ஏன் அழற்சி கூடுதுன்னும் பார்த்துடுவோம்.

2/ பெயர் ஹோவர்ட் சோமர்வெல். முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தவர். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். அப்போ நெய்யூர் திருவிதாங்கூரில் இருந்தது. ஆஸ்பத்திரி முன்னால் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தவர், லண்டன் வாழ்க்கை வேண்டாம்னு இங்கேயே வந்துட்டார்.

3/ 1924ல் நெய்யூரிலிருந்து மறுபடி எவரெஸ்ட். ஜூன் 4 அன்று நார்ட்டனும் இவரும் சிலிண்டர் இல்லாமல் ஏறினார்கள். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைப்பது, நம்ம கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கூடவே வறண்ட பனிக்காற்று. தொண்டை ஏற்கெனவே புண். சுமார் 28,000 அடியில் சோமர்வெல் நின்றுவிட்டார். நார்ட்டன் மட்டும் 28,126 அடி வரை போய்த் திரும்பினார்.

4/ இறங்கும்போது சோமர்வெல் தொண்டையில் ஏதோ அடைத்தது. மூச்சு உள்ளேயும் போகல, வெளியேயும் வரல. முன்னால் போன நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. சாவு வந்தாச்சுன்னு பனியில் உட்கார்ந்தார். கடைசியா இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தினார். அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்தது. அது அவருடைய குரல்வளையின் உள்சவ்வு!

5/ பனிக்கடியில் சவ்வு உரிந்ததுன்னு அவர் நினைத்தார். குளிரும் வறட்சியும் முக்கியக் காரணம்தான். ஆனால் ஆக்சிஜன் குறைவும் சும்மா இருக்காது.

6/ நம் செல்களில் ஹிஃப் என்ற புரதம் எந்நேரமும் உருவாகுது. ஆக்சிஜன் இருந்தால், ஒரு நொதி அதற்கு முத்திரை குத்தும். சில நிமிடங்களில் அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை இல்லை. ஹிஃப் தப்பித்து, செல்லின் கருவுக்குள் போய்ப் பல மரபணுக்களை எழுப்பும். இதைக் கண்டுபிடித்த செமென்ஸா, ராட்கிளிஃப், கெலின் மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு.

7/ அதே நொதிகள், அழற்சியின் 'மெயின் சுவிட்ச்'சான என்எஃப்-கப்பா பி-யையும் அடக்கி வைக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் அந்தப் பிடியும் தளரும். அந்த சுவிட்ச் திரும்ப ஹிஃபையும் கூட்டும். 3,400 மீட்டருக்கு மேல் தங்கிய ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலேயே ஐஎல்-6, சிஆர்பி போன்ற அழற்சிக் குறியீடுகள் உயர்ந்தன.

8/ இது மலைக்கு மட்டும் இல்லை. வீங்கிய திசுவுக்கு ரத்தம் சரியாப் போகாது, ஆக்சிஜன் குறையும், அழற்சி இன்னும் ஏறும். சர்க்கரைக்காரர் கால்புண்ணிலும் நிமோனியா நுரையீரலிலும் இந்தச் சுழல் உண்டு. அதனாலதான் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எண் இறங்கினா, 'எனக்கு மூச்சு முட்டலையே டாக்டர்'னு வீட்டில் இருக்காதீங்க என்கிறோம்.

9/ சில நாளில் அதே மலையில் மல்லோரியும் இர்வினும் காணாமல் போனார்கள். சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பி, இருபது வருஷம் கத்தி பிடித்தார். பிறகு வேலூர் சிஎம்சியில் பாடம் எடுத்தார். அன்று அந்தச் சவ்வு வெளியே வராமல் இருந்திருந்தால், நம்ம ஊர்ல எத்தனை வீட்டின் கதை வேற மாதிரி போயிருக்கும்!