உகாழ் சந்தையும் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவும்



தை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், என்னிடம் ஓதும் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் தயங்கியவாறு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய குடும்பத்துக்குத் தென்பெண்ணைக் கரையில் சிறிதளவு நிலம் உண்டு. நிலக்கடலையும் கொய்யாவும் விளைவிக்கின்றனர். பாட்டனார் காலத்திலிருந்தே மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழாவில் கடை விரித்து விற்பது அவர்களுடைய வழக்கம். "அங்கே கடை போடுவதே பாவம் என்று ஒரு பேச்சில் கேட்டேன், ஹஜ்ரத். அத்தாவைப் போகவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?" என்றார் அவர்.

ஒரு குடும்பத்தின் வருவாயும் ஓர் இளைஞரின் இறையச்சமும் இக்கேள்வியில் ஒருங்கே அடங்கியிருந்தன. ஆகவே அவசரப்பட்டு விடை கூறாமல், வரலாற்றைப் புரட்டிப் பார்த்து அவருக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன்.

விளைச்சல் கைக்கு வந்ததும் மக்கள் ஓரிடத்தில் கூடுவது உலகெங்கும் உள்ள வழக்கமாகும். மேலைநாடுகளில் இலையுதிர்காலத்தில், அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, ஊர்தோறும் அறுவடை விழாக்கள் நடைபெறுகின்றன. தோட்டத்தில் விளைந்த காய்கனிகளைக் காட்சிக்கு வைப்பர். உள்ளூர் உணவைச் சமைத்துப் பகிர்வர். ஓவியமும் கைவினையும் இசையும் உடன் இடம்பெறும். நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றனர். கல்வராயன் மலையில் சாமையும் தினையும் முற்றுவது ஏறக்குறைய அப்பருவத்தில்தான். ஆனால் கீழே சமவெளியில் அது வடகிழக்குப் பருவமழையின் காலம். சம்பா நெல் அப்போது பச்சையாகவே நிற்கும். மழை ஓய்ந்து, கதிர் முற்றி, ஆற்றில் நீர் தெளிந்தபின்தான் சமவெளி உழவனுக்கு ஓய்வு. எனவே அவர்களுடைய இலையுதிர்கால விழாவுக்கு நிகரானது நமக்குத் தை மாதத்தில் வருகின்றது.

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கின்றது. தைப் பொங்கலை அடுத்த நாட்களில் இவ்வாற்றின் கரையோர ஊர்கள் பலவற்றில் ஆற்றுத் திருவிழா நடைபெறும். மணலூர்பேட்டையில் அது தை 5ஆம் நாள். ஆங்கிலத் தேதிப்படி ஜனவரி 18 அல்லது 19. திருவண்ணாமலை அருணாசலேசுவரரின் திருமேனியை இங்கு கொண்டுவந்து ஆற்றில் தீர்த்தவாரி நடத்துவது இந்துச் சகோதரர்களின் வழிபாடு. அவ்வழிபாட்டைச் சுற்றி ஒரு பெரும் சந்தையும் கூடுகின்றது. கரும்பு, கடலை, பொரி, பழவகைகள், மண்பாண்டங்கள், விளையாட்டுப் பொருள்கள் எனக் கடைகள் நிரம்பும். இப்பகுதி ஆற்றுத் திருவிழாக்களுக்கே உரியது சுருளிக்கிழங்கு. அதை வாங்காமல் வீடு திரும்புவோர் குறைவு.

வழிபாடு வேறு, சந்தை வேறு என்னும் இவ்வேறுபாட்டை நம் மார்க்க வரலாறு மிகத் தெளிவாகக் கண்டிருக்கின்றது.

இஸ்லாத்துக்கு முன்னர் அரபு நாட்டில் உகாழ், மஜன்னா, துல்மஜாஸ் என மூன்று பெரும் சந்தைகள் இருந்தன. நக்லாவுக்கும் தாயிஃபுக்கும் இடையில், துல்கஃதா மாதத்தின் முதல் 20 நாட்கள் உகாழ் சந்தை கூடும். அடுத்த 10 நாட்கள் மஜன்னா, பின்னர் துல்ஹஜ் முதல் 8 நாட்கள் துல்மஜாஸ், அதன்பின் ஹஜ். தாயிஃபின் உலர்திராட்சையும் தோலும் யமன் நாட்டுத் துணியும் அங்கே விலைபேசப்பட்டன. கவிஞர்கள் தம் கவிதைகளை அரங்கேற்றினர். நாபிகா என்னும் பெருங்கவிஞருக்குச் செந்நிறத் தோல் கூடாரம் அமைத்து, அவரைத் தீர்ப்பளிக்கச் செய்தனர். பெண்கவிஞர் கன்ஸா (ரலி) அவர்களும் அங்கு பாடியவரே. உணவும் வணிகமும் கலையும் ஒன்றுகூடிய களம் அது. சிலைவணக்கம் மிகுந்திருந்த அக்காலத்திலேயே நபி (ஸல்) அவர்கள் இச்சந்தைகளுக்குச் சென்று மக்களை ஏகத்துவத்தின்பால் அழைத்தார்கள்.

இஸ்லாம் வந்தபின் ஸஹாபாக்களுக்கு ஒரு தயக்கம் எழுந்தது. அறியாமைக் காலச் சந்தைகளில், அதுவும் ஹஜ்ஜுடைய நாட்களில், வணிகம் செய்வது பாவமாகுமோ என்று அஞ்சினர். அப்போதுதான், இறைவனின் அருட்கொடையைத் தேடுவதில் குற்றமில்லை என்னும் கருத்தமைந்த அல்பகரா அத்தியாயத்தின் 198ஆம் வசனம் அருளப்பெற்றது. இதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். என் மாணவரின் தயக்கம் புதிதன்று. ஸஹாபாக்களுக்கே வந்த தயக்கம். உகாழ் சந்தை அதன்பின்னும் நெடுங்காலம் நடந்து, ஹிஜ்ரி 129இல் ஏற்பட்ட குழப்பத்தின்போதுதான் நின்றுபோனது. 2007 முதல் தாயிஃபில் கலை விழாவாக அதை மீண்டும் நடத்தத் தொடங்கினர்.

இதனினும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. சிரியாவில் கிறிஸ்தவர்களின் திருவிழாச் சந்தைகளுக்கு முஸ்லிம்கள் ஆடு, மாடு, மாவு, கோதுமை ஆகியவற்றைக் கொண்டு சென்றனர். இது கூடுமா என ஹிஜ்ரி 241இல் மறைந்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களுடைய வழிபாட்டுத் தலங்களுக்குள் நுழையாமல் சந்தைக்கு மட்டும் செல்வதில் தவறில்லை என்பதே இமாம் அவர்கள் அளித்த விடை. பேணுதலில் கடுமை மிக்கவர் என்று பெயர்பெற்ற இமாமின் கூற்று இது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

ஆயினும் சந்தைக்குச் செல்பவர் மீது கடமைகளும் உண்டு. வழிபாட்டுக்கென்றே உரிய பொருள்களையும் சூதாட்டம் போன்ற விலக்கப்பட்டவற்றையும் நாம் விற்கலாகாது. மதீனா அங்காடியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரம் மறைந்திருக்கக் கண்டு, அதை மேலே வைத்து மக்களுக்குக் காட்டியிருக்கலாகாதா என்று கண்டித்தார்கள். அழுகிய கொய்யாவை அடியிலும் நல்லதை மேலும் அடுக்கும் கைகளுக்கு இக்கண்டனம் இன்றும் பொருந்தும். அடுத்து, அறுவடை நாளில் ஏழையின் உரிமையைக் கொடுத்துவிடுமாறு அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. மழைநீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. காய்கனிகளுக்கும் இது உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சேமித்து வைக்கத்தக்க உணவுப்பொருள்கள் ஐந்து வஸக் அளவை எட்டினால் மட்டுமே என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. தத்தம் நிலத்துக்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டு அறிந்துகொள்க.

இன்னொன்றையும் மாணவருக்கு நினைவூட்டினேன். 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையிலிருந்து, 2024 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலையில் நொடிக்கு 1.68 இலட்சம் கனஅடி நீர் திறந்துவிடப்பட்டது. கரையோர வயல்களை வெள்ளம் சூழ்ந்தபோது, இது யாருடைய நிலம் என்று ஆறு கேட்கவில்லை. துன்பத்தில் ஒன்றாக நனைந்த அண்டை அயலார், விளைச்சல் வந்த நாளில் ஒருவரிடம் மற்றவர் வாங்காமலும் விற்காமலும் முகம் திருப்பிக்கொள்வது அண்டைவீட்டார் உரிமையை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு அழகன்று.

"அத்தாவைத் தடுக்க வேண்டாம், நீரும் உடன் சென்று தராசைப் பிடியும். தொழுகை நேரம் வந்தால் இருவரும் முறை மாற்றிக் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். திருவிழா முடிந்த மறுநாள், ஒரு பை கொய்யாவுடன் வந்தார். முதலில் ஏழைகளுக்குரிய பங்கைக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். கொடுத்துவிட்டோம் என்றார். அதன்பின்னரே பையை வாங்கிக்கொண்டேன்.

வல்ல அல்லாஹ் நம் விளைச்சலிலும் வணிகத்திலும் பரக்கத் செய்தருள்வானாக. ஆமீன்.