தில்லை வனத்தில் ஒரு வகுப்பு

சிதம்பரத்திற்குத் தில்லை என்று பெயர் தந்த மரத்தை ஊருக்குள் தேடுவதைவிட, கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழியில் காண்பது எளிது. மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர் முதலில் சொல்ல வேண்டியது, அம்மரத்தைத் தொடாதீர்கள் என்பதே; அதன் பால் கண்ணைக் கெடுக்கும். வெண்கண்டலைத் தாராளமாகத் தொடலாம். அதன் இலையைத் தடவிய விரலை நாவில் வைத்தால் கரிக்கும். வேர் பருகிய உப்பை இலை வெளியேற்றுகிறது. சேற்றிலிருந்து விரல்களைப்போல் நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள்.

இக்காட்டிற்கு ஒரு சோக வரலாறும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1970-கள் வரை காட்டு இலாகாவினர் இதைப் பகுதி பகுதியாக முற்ற வெட்டி வந்தனர். வெட்டிய இடம் தானே தழைக்கும் என்பது கணக்கு. தழைக்கவில்லை. நிழலிழந்த சேறு காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்து, கன்றுகள் மடிந்தன. பழியோ மாடு மேய்ப்போர் மீதும் விறகு வெட்டுவோர் மீதும் விழுந்தது! 1990-களில் வாய்க்கால்கள் வெட்டி, கடல்நீர் ஏறி வடிய வழிசெய்து, கன்றுகள் நட்ட பின்னரே பசுமை திரும்பியது.

அவ்வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் மாணவர்கள் ஒரு குச்சியை நட்டு, நீர் ஏறும்போதும் வடியும்போதும் அதில் கோடிடட்டும். ஏற்றவற்றம் இங்கே சிறிதுதான். சில மணி நேரம் காத்திருக்க வேண்டும்.