வேலை கேட்டு வந்தவர்கள்
அத்தியாயம் 6: எடிசன் நீட்டிய தாள்

எடிசன் கம்பெனியில் வேலை என்றால் 1921-ல் எந்த அமெரிக்கப் பட்டதாரிக்குத்தான் ஆசை இருக்காது? படித்ததைச் சொல்லலாம், செய்து பழகியதைக் காட்டலாம் என்ற நினைப்போடு நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சுக்கு இளைஞர்கள் வந்தார்கள். கையில் கிடைத்தது ஒரு கேள்வித்தாள்.

வோல்கா நதி எங்கே இருக்கிறது? பிரான்சின் எல்லை நாடுகள் எவை? மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்த மரத்தில் செய்கிறார்கள்? சலவை இயந்திரத் தயாரிப்பில் முதலிடம் எந்த நகரத்துக்கு? இப்படி ஏறத்தாழ 150 கேள்விகள். தேற வேண்டுமானால் 90 சதவீதம்!

ஒரு கேள்வியைப் பாருங்கள். 20 அடி அகலம், 30 அடி நீளம், 10 அடி உயரம் கொண்ட அறையில் உள்ள காற்றின் எடை என்ன? 6,000 கன அடி என்று யாரும் பெருக்கிவிடலாம். ஒரு கன அடிக் காற்றின் எடை மனப்பாடமாகத் தெரியாவிட்டால் அதற்கு மேல் பேனா நகராது. விடை 450 பவுண்டுக்குச் சற்று அதிகம். எந்தப் பொறியியல் கையேட்டைப் புரட்டினாலும் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும் எண் அது.

முடிவெடுக்கும் நேரத்தில் தகவல் தலையில் இருக்க வேண்டும் என்பது 74 வயது எடிசனின் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரு துறையைப் படித்துவிட்டு வந்தவனைப் பீப்பாய் மரத்தைக் கேட்டு வெளியே அனுப்புவது அநியாயம். சில மாதங்களே பள்ளிக்கூடம் போன எடிசனுக்கு, தாளில் அடங்காத திறமை எப்படியிருக்கும் என்று தெரியாதா என்ன?

தோற்றவர்களில் ஒருவர் சும்மா இருக்கவில்லை. மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எடிசனின் கேள்விகள் வரிசையாக வெளிவந்தன. 140-க்கும் மேல்! அத்தனையும் அவர் ஞாபகத்திலிருந்தே ஒப்பித்தவை. இந்த மனிதரைத்தான் தேறாதவர் என்று அனுப்பியிருந்தார்கள்.

எடிசன் கொதித்துப்போனார். நாடோ விடை தேடக் கிளம்பியது. பேராசிரியர்கள், மாணவர்கள் என்று அகப்பட்டவர்களையெல்லாம் நிருபர்கள் சோதித்தார்கள்.

அதே மே மாதம், ஜெருசலேமில் அமையவிருந்த ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்ட வந்திருந்த ஒரு விஞ்ஞானி பாஸ்டனில் வந்து இறங்கினார். அவரிடமும் எடிசனின் கேள்வி ஒன்றை வீசினார்கள். ஒலியின் வேகம் என்ன?

பள்ளிப் பையனுக்கான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அவருக்கு விடை தெரிந்திருந்ததா?

(தொடரும்)