ஓடும் குவாட்டர்பேக்குக்கு ஏற்ப மாறும் வியூகம்: பால்டிமோர் அணி கண்ட வழி

அமெரிக்க கால்பந்தில், வேகமாக ஓடக்கூடிய குவாட்டர்பேக் ஒருவர் அணிக்குக் கிடைத்தால் அவரைப் பழைய ஆட்ட முறைக்குள் அடக்குவதா, அவருக்காக ஆட்ட முறையையே மாற்றுவதா என்ற கேள்வி பயிற்சியாளர்கள் முன் எழுகிறது. என்.எஃப்.எல். எனப்படும் தேசிய கால்பந்து லீக்கில் 2018 முதல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி எடுத்த முடிவுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றன.

இந்த ஆட்டத்தில் களத்தில் ஒவ்வோர் அணிக்கும் 11 வீரர்கள். பந்தை வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேற வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கே வருகிறது. அவர் அதை வீசலாம், அருகில் நிற்கும் ரன்னிங்பேக்கிடம் கொடுக்கலாம், அல்லது தாமே ஏந்தி ஓடலாம்.

எண்ணிக்கையில் கிடைக்கும் சாதகம்

வழக்கமான முறையில், குவாட்டர்பேக் பந்தைக் கொடுத்தவுடன் அவரது பணி முடிந்துவிடும். பந்துடன் ஓடுபவரைத் தவிர்த்தால் எதிரணியினரைத் தடுத்து வழிவிட 9 பேர் மட்டுமே எஞ்சுவர். எதிரில் இருப்பதோ 11 பேர். ஒருவருக்கு ஒருவர் எனத் தடுத்தாலும் இருவர் தடையின்றி நிற்பர்.

குவாட்டர்பேக்கும் ஓடக்கூடியவர் எனில் இந்தக் கணக்கு மாறுகிறது. 'சோன் ரீட்' எனப்படும் உத்தியில், தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் வீரர் ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுகின்றனர். குவாட்டர்பேக் பந்தை ரன்னிங்பேக்கின் வயிற்றருகே வைத்தபடி அந்த ஒரு வீரரைக் கவனிக்கிறார். அவர் ரன்னிங்பேக்கைத் துரத்தி உள்ளே பாய்ந்தால், பந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு காலியான ஓரத்தில் ஓடுகிறார். அவர் ஓரத்திலேயே நின்றால், பந்தைக் கொடுத்துவிடுகிறார். யாரும் தொடாமலேயே எதிரணியின் ஒருவர் செயலற்றவராகிறார். அந்த இடத்திலிருந்து மிச்சமாகும் தடுப்பாளரை வேறொருவர் மீது ஏவ முடிகிறது.

இதன் நீட்சியே 'ஆர்.பி.ஓ.' எனப்படும் ஓட்டமா, வீச்சா என்ற தெரிவு. இதில் குவாட்டர்பேக் பெரும்பாலும் நடுவரிசைத் தடுப்பாளர் ஒருவரைக் கவனிக்கிறார். அவர் ஓட்டத்தைத் தடுக்க முன்னேறினால், அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்து வீசப்படுகிறது. முன்வரிசையினர் ஓட்டத்துக்காகத் தடுத்துக்கொண்டிருக்கும்போதே வீச்சு நிகழ்வதால் முடிவு மிக விரைவாக எடுக்கப்பட வேண்டும். முன்னோக்கிய வீச்சுக்கு முன் முன்வரிசையினர் கல்லூரி ஆட்டத்தில் 3 யார்டு வரையும், என்.எஃப்.எல்.-இல் 1 யார்டு வரையுமே முன்னேறலாம்.

பால்டிமோரில் நடந்தது

லூயிவில் பல்கலைக்கழக வீரரான லாமர் ஜாக்சன், கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 2016-இல் வென்றவர். ஆயினும் 2018 வீரர் தேர்வின்போது, அவர் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாற வேண்டும் என்ற கருத்து சிலரால் முன்வைக்கப்பட்டது. ஓட்டத் திறன் மிக்க கருப்பின குவாட்டர்பேக்குகள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்ட நீண்ட வரலாறு அந்த ஆட்டத்துக்கு உண்டு. நான்கு குவாட்டர்பேக்குகள் தேர்வான பின்னரே, முதல் சுற்றின் கடைசியான 32-ஆவது இடத்தில் பால்டிமோர் அவரைத் தேர்ந்தெடுத்தது.

அந்த ஆண்டு நவம்பரில் மூத்த வீரர் ஜோ ஃபிளாக்கோ காயமடைந்தபோது அணி 4 வெற்றி, 5 தோல்வி என்ற நிலையில் இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஜான் ஹார்பா, சீசனின் நடுவிலேயே ஓட்டத்தை மையமாக்கி ஆட்ட முறையை மாற்றினார். எஞ்சிய 7 ஆட்டங்களில் 6-இல் அணி வென்றது.

2019 தொடக்கத்தில் கிரெக் ரோமன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக உயர்த்தப்பட்டார். சான் பிரான்சிஸ்கோவில் காலின் கேப்பர்னிக், பஃபலோவில் டைராட் டெய்லர் என ஓடக்கூடிய குவாட்டர்பேக்குகளுடன் பணியாற்றியவர் அவர். நெவாடா பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ஆல்ட் உருவாக்கிய 'பிஸ்டல்' வரிசையை அவர் அதிகம் பயன்படுத்தினார். இதில் ரன்னிங்பேக், குவாட்டர்பேக்கின் பக்கத்தில் நிற்காமல் நேர் பின்னால் நிற்பார். ஓட்டம் எந்தப் பக்கம் செல்லும் என்பதை எதிரணியால் எளிதில் ஊகிக்க முடியாது.

வீரர் தேர்வும் இதற்கேற்ப அமைந்தது. மூன்று டைட் எண்ட் வீரர்களும், தடுப்பு வரிசையிலும் ஆடிய பேட்ரிக் ரிக்கார்டும் வழிவிடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். மாற்று குவாட்டர்பேக்காக, அதே பாணியில் ஆடக்கூடிய ராபர்ட் கிரிஃபின் வைத்துக்கொள்ளப்பட்டார். ஜாக்சன் ஆட இயலாவிட்டாலும் அணியின் ஆட்ட முறை மாறக் கூடாது என்பதே இதன் பயன்.

அந்த சீசனில் அணி 14 ஆட்டங்களில் வென்று 2-இல் மட்டுமே தோற்றது. ஓட்டத்தில் 3,296 யார்டு எடுத்து, நியூ இங்கிலாந்து அணியின் 1978-ஆம் ஆண்டு சாதனையை முறியடித்தது. ஜாக்சன் 1,206 யார்டு ஓடி குவாட்டர்பேக்குகளுக்கான சாதனையை வசமாக்கியதுடன், லீக்கிலேயே அதிகமாக 36 டச் டவுன் வீச்சுகளையும் நிகழ்த்தினார். மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கு ஒருமனதாக வழங்கப்பட்டது. ஓட்டத்தைத் தடுக்க எதிரணியினர் முன்னே குவிந்ததால், அவர்களுக்குப் பின்னால் வீச்சுக்கான வெளி கிடைத்ததே இதற்கு முக்கியக் காரணம்.

முறையின் வரம்பும் உடலின் விலையும்

ஆயினும் நாக்அவுட் சுற்றில் டென்னசி அணியிடம் 28-12 எனப் பால்டிமோர் தோற்றது. தொடக்கத்திலேயே பின்தங்கியதால் ஓட்டத்தைக் கைவிட நேர்ந்து, ஜாக்சன் 59 முறை பந்தை வீசினார். முன்னிலையில் இருக்கும்போது வலுவாகத் திகழும் முறை, நேரம் குறைந்து பின்தங்கும்போது போதுவதில்லை என்பது அன்று வெளிப்பட்டது.

மற்றொரு சிக்கல் காயம். பந்தை வீசும் நிலையில் உள்ள குவாட்டர்பேக்கைத் தாக்குவதற்கு விதிகளில் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. அவர் பந்துடன் ஓடத் தொடங்கினால் அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி நீங்கிவிடும். கால்களை முன்நீட்டிச் சறுக்கினால் ஆட்டம் அங்கேயே நிறுத்தப்படும். இதே கிரிஃபின், 2012-இல் வாஷிங்டன் அணியின் அறிமுக வீரராக 815 யார்டு ஓடியவர். நாக்அவுட் ஆட்டத்தில் ஏற்பட்ட முழங்கால் காயத்துக்குப் பின் அவர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஜாக்சனும் 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் டிசம்பர் மாதக் காயங்களால் சீசனின் இறுதி ஆட்டங்களை இழந்தார். 2021-இல் பால்டிமோர் கடைசி 6 ஆட்டங்களிலும் தோற்று நாக்அவுட் வாய்ப்பை நழுவவிட்டது.

இரண்டாவது மாற்றம்

2023 ஜனவரியில் ரோமன் விலகினார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டாட் மாங்கன் வீச்சுக்கு அதிக இடமளித்தார். ஜே ஃபிளவர்ஸ் உள்ளிட்ட ரிசீவர்கள் சேர்க்கப்பட்டனர். 2024-இல் ரன்னிங்பேக் டெரிக் ஹென்றி இணைந்து 1,921 யார்டு ஓடியதால், ஜாக்சன் தாமே ஓட வேண்டிய தேவையும் குறைந்தது. 2019-இல் 176 முறை ஓடிய அவர், 2024-இல், கூடுதலாக இரண்டு ஆட்டங்களில் பங்கேற்றும், 139 முறையே ஓடினார். அந்த சீசனில் 4,172 யார்டு வீசி, 915 யார்டு ஓடினார். ஒரே சீசனில் வீச்சில் 4,000, ஓட்டத்தில் 900 யார்டுகளைக் கடந்த முதல் வீரர் அவரே.

ஓட்டத்தின் எண்ணிக்கை குறைந்தாலும் அதன் அச்சுறுத்தல் குறையவில்லை. ஜாக்சன் ஓடக்கூடும் என்ற அச்சமே எதிரணியின் ஒருவரைக் கட்டிப்போடுகிறது. ஹென்றிக்கு வழி திறக்கவும் அதுவே உதவியது. குவாட்டர்பேக்கின் கால்களை அன்றாடம் செலவிடாமல், தேவைப்படும் தருணத்துக்காகச் சேமித்து வைப்பதே 2024 சீசனில் பால்டிமோர் முறையின் வடிவமாக இருந்தது. எனினும் 2024 சீசன் வரை ஜாக்சன் தலைமையில் அந்த அணி சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தை எட்டவில்லை.