பழைய கைத்துப்பாக்கி சொல்லும் சான்று



தாம்பரத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, படைவரலாற்றின் ஊடே செல்லும் சாலையாகும். பரங்கிமலையில் 1759-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். பின்னர் அம்மலையடிவாரம் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாயிற்று. பல்லாவரத்திலும் கும்பினியாரின் பாளையம் அமைந்தது. ஆகவே, இப்பக்கத்துப் பழைய இல்லம் ஒன்றில் படைக்கைத்துப்பாக்கி கிடைப்பது வியப்பன்று. அது மெய்யான பழம்பொருள்தானா? அதன் மதிப்பு யாது? இவற்றை ஆராய்வோம்.

முதற்கண் முத்திரையைக் காணவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கும்பினித் துப்பாக்கிகளில் இதய வடிவமும் அதனுள் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரீடம் ஏந்திய சிங்கம் அவ்விடத்தைப் பெற்றது. சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் முறை 1840-களில் படிப்படியாக மறைந்து, வெடிமருந்து அடைத்த சிறு செப்புமூடியைக் குதிரை தட்டும் முறை வந்தது. 1858-இல் கும்பினியின் ஆட்சியே முடிவுற்றது. இவற்றை அறிந்தவனுக்கு ஆண்டெண் ஒன்றே போதிய சாட்சியாகும். விக்டோரியா அரசியார் 1901 ஜனவரியில் மறைந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளுடன் 1907 என்னும் ஆண்டும் பொறித்த துப்பாக்கி எங்ஙனம் மெய்யாகும்? வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டறைகளில் இத்தகைய போலிகள் மிகுதியாகச் செய்யப்பட்டன. எழுத்துகள் தலைமாறி நிற்பதும் அவற்றின் அடையாளமே.

அடுத்து, உறுப்புகள் ஒன்றுக்கொன்று உரியனவா என்று பார்த்தல் வேண்டும். முதல் உலகப் போரில் ஆங்கில அதிகாரிகள் ஏந்திய வெப்ளி சுழல்துப்பாக்கியில், சட்டத்தின் எண்ணும் தோட்டா உருளையின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடில் ஏதோ ஓர் உறுப்பு மாற்றப்பட்டுள்ளது, மதிப்பும் குறையும். கை படும் இடத்தில் தேய்வும் கை படாத மூலையில் பழுப்பும் இருப்பது இயல்பு. எங்கும் ஒரே சீராகத் துருவேறியிருப்பின் ஐயுறுக. மெய்ப்பொருளையும் அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், முத்திரை அழிந்து சான்றும் அழியும்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், மாணவன் ஒருவனின் தந்தையார் தம் முன்னோரின் கும்பினித் துப்பாக்கி என ஒன்றைக் காட்டினார். தகட்டில் சிங்கம் இருந்தது. கீழே 1871 என்றும் இருந்தது. கும்பினி ஆட்சி ஒழிந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் கும்பினி முத்திரையா? மாணவனின் முகம் வாடிற்று. ஆயின், அதே பெட்டியில் அம்முன்னோர் படையிலிருந்து விடைபெற்றபோது அளிக்கப்பட்ட சான்றிதழ் மடிந்து கிடந்தது. "தம்பி, பொய் சொன்னது துப்பாக்கியே, உன் பாட்டனார் அல்லர். இத்தாளைப் போற்று" என்றேன்.

மதிப்பு என்பது விலை மட்டுமன்று. பல்லாவரத்தில் 1863 மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கருவி, பார்வைக்கு வெறுங்கல்லே. அது கிடைத்த இடத்தையும் நாளையும் அவர் குறித்து வைத்தமையால், இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கே அது வித்தாயிற்று. குறிப்பற்ற பொருள் ஊமைச் சாட்சி.

சட்டத்தையும் மறவாதீர். சுடத்தக்க துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருத்தல் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மண்ணில் ஏதேனும் ஆயுதம் தென்பட்டால் தொடாமல் பெரியோருக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள்.

விடுமுறையில் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் சென்று, அங்குள்ள ஆயுதங்களின் முத்திரைகளை நின்று படியுங்கள். கேட்ட கதையைக் கண்ட சான்றோடு ஒப்பிடும் பழக்கமே வரலாற்றுக் கல்வியின் பயனாகும்.