வளைந்த மட்டை கேட்ட விலை

ஐஸ் ஹாக்கி மட்டையின் பிளேடு வளைந்த கதையை யார் சொன்னாலும் ஸ்டான் மிகிட்டாவில்தான் தொடங்குவார்கள். 1960களின் தொடக்கத்தில், சிகாகோ பிளாக் ஹாக்ஸ் அணியின் பயிற்சியின்போது அவருடைய மட்டையில் விரிசல் விழுந்து பிளேடு கோணலாக மடங்கியது. எரிச்சலில் அதனாலேயே ‘பக்’ எனும் ரப்பர் வட்டை ஓங்கி அடித்தார். பக் பறந்த விதமும் எழுந்த சத்தமும் அதுவரை அவர் அறியாதவை. தற்செயலாகக் கிடைத்த வரம் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதிக் கதைதான். வளைவு ஆட்டக்காரருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த விதிகளும் சர்ச்சைகளும், இன்று மட்டை வாங்குகிறவருக்கு வரும் குழப்பமும்கூட அந்தக் கொடுக்கல் வாங்கலிலிருந்து பிறந்தவையே.

எடுத்துக்கொண்டது என்ன என்பதை நம் ஊர் ஹாக்கியோடு ஒப்பிட்டால் உடனே புரியும். கோவில்பட்டியில் ஆடும் ஹாக்கியில் மட்டையின் தட்டையான இடப்பக்கம் மட்டுமே பந்தைத் தொடலாம். மறுபக்கம் பட்டால் தவறு. ஐஸ் ஹாக்கியில் அந்தத் தடை கிடையாது. பிளேடின் இரண்டு பக்கமும் ஆட்டத்துக்கு உரியவை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மிக்மாக் பழங்குடியினர் மரத்தின் அடிப்பகுதியையும் வேரையும் சேர்த்து ஒரே துண்டாகச் செதுக்கிய பழைய மட்டைகளிலும், பின்னர் தொழிற்சாலைகளில் துண்டுகளை ஒட்டிச் செய்த மட்டைகளிலும் பிளேடு நேராகவே இருந்தது. நேர் பிளேடுக்கு வலம் இடம் கிடையாது. ஃபோர்ஹேண்டில் எவ்வளவு நம்பிக்கையோடு அடிக்கலாமோ, பேக்ஹேண்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவு நம்பிக்கையோடு அடிக்கலாம். நேர் பிளேடு காலத்து வீரரான கோர்டி ஹோவ் ஓடும் ஓட்டத்திலேயே கை மாற்றிப் பிடித்து இரு புறமிருந்தும் கோல் அடித்தார். தடுக்க வருபவருக்கு அவர் எந்தப் பக்கம் அடிப்பார் என்று தெரியாது. அந்தக் கலைக்கு இடம் கொடுத்தது நேர் பிளேடு; வளைவு எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான்.

மிகிட்டாவும் அவருடைய சக வீரர் பாபி ஹல்லும் செய்த வேலை எளிமையானது: மர பிளேடை வெந்நீரில் ஊறவைத்து, கதவிடுக்கில் செருகி வளைத்து, அப்படியே விட்டுவிடுவது. மறுநாள் பிளேடு வாழைப்பழம்போல வளைந்திருக்கும். ஓர் அங்குலக் கனமும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு, அந்தக் குழிவில் உட்கார்ந்து, முனை நோக்கி உருண்டு, சுழன்றபடி கிளம்பும். அது எளிதில் மேலெழும். சில நேரம் நடுவழியில் திசை மாறுவதுபோலத் தெரியும். இந்த யோசனைக்கு இவர்களுக்கு முன்னோடிகளும் இருந்ததாகச் சொல்வார்கள். 1920களில் ஒட்டாவா அணியின் சை டெனனி, 1950களில் நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் ஆகிய பெயர்கள் அடிபடும். ஆனால் அதை வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் முழுவதும் பரப்பியது சிகாகோ ஜோடிதான்.

வளைவு மேலானது என்பதற்குக் கோல் கணக்கே சாட்சி என்று வாதிடுவோர் உண்டு. 1965–66 பருவத்தில் ஹல் 54 கோல் அடித்தார். 50ஐத் தாண்டிய முதல் வீரர் அவர்தான். மிகிட்டா நான்கு முறை லீக்கின் அதிகப் புள்ளி விருதை வென்றார். ஆனாலும் இந்தச் சாட்சியம் வலுவற்றது. மாரிஸ் ரிச்சர்ட் 1944–45இலேயே 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்துவிட்டார். வளைவு பரவுவதற்கு முன்பே, 1960–61இல், பெர்னி ஜெஃப்ரியனும் 50ஐத் தொட்டார். 1967இல் லீக் ஆறு அணிகளிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியதால், அதற்குப் பிந்தைய எண்ணிக்கையை முந்தையதோடு ஒப்பிடவே முடியாது. ஹல்லின் தோள் வலுவுக்கு உரிய புகழை மட்டைக்குக் கொடுப்பது நியாயமில்லை. வளைவு உறுதியாகத் தந்தது ஒன்றுதான்: பக் எங்கே வரும் என்று கோல்கீப்பர் கணிப்பதை அது கடினமாக்கியது.

அந்தக் கடினத்துக்கு விலை கொடுத்தது கோல்கீப்பரின் முகம். 1959 நவம்பர் 1 அன்று பாத்கேட் அடித்த பக் மான்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு முகமூடியோடு திரும்பிவந்த பிளான்ட் பிறகு அதைக் கைவிடவில்லை. ஆனால் மற்றவர்கள் உடனே பின்பற்றிவிடவில்லை. முகமூடி இல்லாத கடைசிக் கோல்கீப்பரை லீக் 1974 வரை பார்த்தது. வளைவு ஆழமாகிக்கொண்டே போன ஆண்டுகளும், வெறும் முகத்தோடு வலைமுன் நின்றவர்களின் ஆண்டுகளும் ஒன்றே. 1967இல் வளைவுக்கு ஒன்றரை அங்குல வரம்பு வந்ததையும், 1970இல் அது அரை அங்குலமாகச் சுருங்கியதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஒருவரின் பாணிக்கு வசதியான மட்டை எதிரில் நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்து என்றால், அது அவருடைய சொந்த விருப்பம் மட்டுமல்ல.

யாரும் மதிக்காத விதியால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. வரம்பு மீறிய மட்டையோடு பலர் ஆடினார்கள். ஆட்டம் இறுகும்போது சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். 1993இல், லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் 2–1 என முன்னிலையில் இருந்தது; இரண்டு நிமிடம்கூட மீதி இல்லை. மான்ட்ரியல் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ், மார்ட்டி மெக்ஸார்லியின் மட்டையை அளக்கச் சொன்னார். நடுவர் கருவியை வைத்துப் பார்த்தார், வளைவு கூடுதல். மெக்ஸார்லி இரண்டு நிமிடம் வெளியே உட்கார, எரிக் டெஜார்டான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 51ஆம் விநாடியில் வெற்றி கோலையும் அவரே அடித்தார். கோப்பை மான்ட்ரியலுக்குப் போனது. மட்டை சரியாக இருந்திருந்தால் தண்டனை டெமர்ஸின் அணிக்குத்தான் விழுந்திருக்கும். புகார் செய்பவருக்கும் இழப்பு உண்டு என்ற ஏற்பாடுதான் அந்த விதியை உயிரோடு வைத்திருந்தது. எல்லோரும் முகமூடி அணிந்துவிட்ட காலத்தில், 2006இல், வரம்பை முக்கால் அங்குலமாகத் தளர்த்தினார்கள். அது சரியான முடிவு.

அப்படியானால் நேர் பிளேடுக்கே திரும்பிவிடலாமே என்று கேட்கலாம். திரும்பவில்லை, காரணமும் இருக்கிறது. ஆட்டத்தில் பெரும்பாலான அடிகளும் பாஸ்களும் ஃபோர்ஹேண்டில் நடப்பவை. வளைவு உதவுவது அங்கேதான். ஆனால் குவிந்த பின்பக்கத்தில் பக் நிற்காமல் வழுக்கும் என்ற பழைய குறை இன்றும் அப்படியே இருக்கிறது. முனையருகே வளைந்த பிளேடு, பக்கை இழுத்துச் சட்டென்று சுழற்றி அடிப்பவருக்கு ஏற்றது. 2025 ஏப்ரலில் வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டிய அலெக்ஸ் ஓவெச்கின் ஆழ்ந்த வளைவுக்குப் பேர்போனவர். அடிப்பகுதியில் வளைந்தது, மட்டையை ஓங்கி அடிக்கும் ஸ்லாப் ஷாட்டுக்கும் நீண்ட பாஸுக்கும் கைகொடுக்கும். சிட்னி கிராஸ்பியோ கிட்டத்தட்ட நேரான பிளேடையே விடாமல் வைத்திருக்கிறார்; இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பேக்ஹேண்டும் அவருடையதே. புதிதாக மட்டை வாங்குபவர் நட்சத்திரத்தின் பெயர் பொறித்த ஆழ்ந்த வளைவைத் தேடிப் போக வேண்டாம். ஆழம் குறைந்த நடு வளைவில் தொடங்குங்கள். இரு பக்கமும் பக்கைக் கட்டுப்படுத்தக் கை பழகிய பிறகு, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்.